மிசோலோங்கி முற்றுகை (1825–1826): ஓர் ஊர் பட்டினியால் விழுந்த விதம்

கிரேக்க விடுதலைப் போரைப் பற்றி எழுதுகிறவர்கள் மிசோலோங்கிக்கு வந்ததும் பெரும்பாலும் அந்தக் கடைசி இரவைத்தான் எழுதுவார்கள். பசியில் வாடிய ஓர் ஊரே அகழியைத் தாண்டி, எதிரிப் படைக்குள் புகுந்து ஓடப் பார்த்த இரவு அது. இந்த ஆய்வும் அங்கே போகும். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதற்கு ஆறு மாதம் முன்னால் வந்த இலையுதிர் காலம். அந்தச் சில வாரங்களில் ஊருக்குக் கொஞ்சம் மூச்சு விடக் கிடைத்தது. அப்போது செய்ததும் செய்யாமல் விட்டதும்தான் பின்னால் உயிர்களை எடுத்தன என்று நினைக்கிறேன்.

தளபதிகள், ஆயர் போன்ற வரலாற்றில் பதிவானவர்களை மட்டும் பெயரோடு சொல்கிறேன். உள்ளே இருந்த மீனவர்கள், அகதிகள், தாய்மார்கள், குழந்தைகள் பெயரில்லாமலே வருகிறார்கள். அன்றைய கிரேக்கர்களின் நாட்காட்டி இன்றையதைவிட 12 நாள் பின்தங்கியது. இங்கே எல்லாத் தேதிகளையும் இன்றைய கணக்குக்கு மாற்றியிருக்கிறேன். அவர்கள் ஏப்ரல் 10 என்று எழுதிவைத்த நாள் இதில் ஏப்ரல் 22.

பின்னணி

1821-இல் கிரேக்கர்கள் தங்களை ஆண்ட உஸ்மானியத் துருக்கிப் பேரரசை எதிர்த்துக் கிளர்ந்தார்கள். முதல் இரண்டு வருடம் அவர்கள் கை ஓங்கியிருந்தது. அப்புறம் தங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டார்கள். 1823-க்கும் 1825 தொடக்கத்துக்கும் இடையில் இரண்டு உள்நாட்டுப் போர்கள் நடந்தன. லண்டனில் வாங்கிய கடன் பணத்தில் ஒரு பகுதி இந்தச் சண்டையிலேயே கரைந்தது. அதற்குள் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் எகிப்தின் ஆளுநர் முகமது அலியிடம் உதவி கேட்டிருந்தார். அவருடைய மகன் இப்ராகிம் பாஷா ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற படையோடு 1825 பிப்ரவரியில் தெற்குக் கிரேக்கத் தீபகற்பமான பெலொப்பொனீசின் தென்முனையில் இறங்கினார். அதே நேரத்தில் வடக்கிலிருந்து ரெஷித் மெஹ்மத் பாஷா மேற்குக் கிரேக்கத்துக்குள் வந்தார். அவருக்கு இடப்பட்ட வேலை ஒன்றே ஒன்று: மிசோலோங்கியைப் பிடிப்பது. ஒன்று அந்த ஊர் விழ வேண்டும், இல்லையென்றால் உன் தலை விழும் என்று சுல்தான் சொல்லியனுப்பியதாகச் சொல்வார்கள்.

1822-இல் ஒரு முறை முற்றுகை வந்து, கிறிஸ்துமஸ் விடியலில் நடந்த தாக்குதல் முறியடிக்கப்பட்டு, படை திரும்பிப் போயிருந்தது. 1823-இல் வந்த படையும் தோற்றுத்தான் போனது. 1824-இல் ஆங்கிலக் கவிஞர் பைரன் இங்கே வந்து, சில மாதங்களிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். அதனால் ஐரோப்பா முழுக்க இந்தச் சின்ன ஊரின் பெயர் தெரிந்திருந்தது. ஊர்க்காரர்களுக்கும் தங்கள் மதில்மேல் ஒரு நம்பிக்கை வந்திருந்தது.

ஊரும் அதன் அமைப்பும்

மிசோலோங்கி பத்ராஸ் வளைகுடாவின் வடகரையில், கடல் மட்டத்தைவிடக் கொஞ்சமே உயர்ந்த சேற்று நிலத்தில் இருக்கிறது. மூன்று பக்கம் காயல். மீன்பிடியும் உப்பும்தான் பிழைப்பு. காயலில் பல இடங்களில் தண்ணீர் முழங்கால் அளவுதான் என்பதால் போர்க்கப்பல் கிட்டே வர முடியாது. தட்டையான அடிப்பாகம் உள்ள சிறு படகுகள்தான் போகும், அதுவும் வழி தெரிந்தவர் ஓட்டினால். ஆழமான கால்வாய்கள் சில உண்டு. அவற்றின் வாயில் வாசிலாதி, தோல்மாஸ், கிளிசோவா என்று சின்னச் சின்னத் தீவுகள். பேருக்குத்தான் தீவு. ஒரு கோயிலும் சில பீரங்கியும் வைத்தால் இடம் நிறைந்துவிடும்.

நிலப்பக்கம் மட்டும் ஒரு மண் மதில், அதற்கு முன்னால் அகழி. இதைப் புதுப்பித்துக் கட்டியவர் கியோஸ் தீவைச் சேர்ந்த பொறியாளர் மிகாயில் கோக்கினிஸ். கொத்தளங்களுக்கு அவர் வைத்த பெயர்கள் பெஞ்சமின் பிராங்க்ளின், வில்லியம் டெல், கொசியுஸ்கோ, ரிகாஸ், பைரன் என்று போகும். உலகத்தில் எங்கெல்லாம் விடுதலைக்காக யாராவது நின்றார்களோ அவர்கள் பெயரெல்லாம் அந்த மண்மேட்டில் இருந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

மதில் நிலத்துக்குக் காவல், காயல் மதிலுக்கு உணவு. இந்த இரண்டில் எது அறுந்தாலும் ஊர் இல்லை. அதிலும் காயல் பக்கத்துச் சாவி அந்தச் சின்னத் தீவுகளில் இருந்தது.

முதல் கட்டம்: 1825 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை

ஏப்ரல் 27 வாக்கில் முற்றுகை தொடங்கியது. ரெஷித்திடம் 20,000-க்கு மேல் ஆட்கள். அதில் மண் வெட்டப் பிடித்துவரப்பட்ட விவசாயிகளும் நிறைய. உள்ளே ஆயுதம் ஏந்தியவர்கள் மூவாயிரம், நாலாயிரம் பேர். ஊர்க்காரர்களோடு வடமேற்கே இருந்த சூலி மலைக்காரர்களும், ரூமேலி என்ற நடுக் கிரேக்கப் பகுதி வீரர்களும் சேர்ந்திருந்தார்கள். நிர்வாகத்தை மூன்று பேர் கொண்ட ஒரு குழு பார்த்துக்கொண்டது.

கோடை முழுக்கச் சண்டை மண்ணுக்கடியிலும் நடந்தது. வெளியே இருந்தவர்கள் மதிலுக்குச் சமமாக ஒரு பெரிய மண்மேட்டை எழுப்பிக்கொண்டே பிராங்க்ளின் கொத்தளம்வரை வந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் அதன் அடியில் சுரங்கம் தோண்டி வெடிவைத்தார்கள். மதில் இடிந்த இடத்தில் இரவோடு இரவாக இன்னொரு மண்சுவர் எழுந்தது. அதில் பெண்களும் சிறுவர்களும் வேலை செய்தார்கள்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் உணவும் வெடிமருந்தும் தீரப் போன சமயத்தில் தளபதி மியாவுலிஸின் கிரேக்கக் கடற்படை வந்து உஸ்மானியக் கப்பல்களை விரட்டியது. சரக்கு இறங்கியது. அதே நாட்களில் மலைப்பக்கத்திலிருந்து கிரேக்கத் தளபதி கராய்ஸ்காகிஸின் ஆட்கள் ரெஷித்தின் முகாமைப் பின்னாலிருந்து தாக்கினார்கள். சரணடையச் சொல்லி வந்த தூதுக்கு, ஊரின் சாவிகள் எங்கள் பீரங்கிகளில் தொங்குகின்றன என்று பதில் போயிற்று. அக்டோபரில் மழை தொடங்கியது. ரெஷித் தன் படையை மதிலடியிலிருந்து பின்வாங்கி, சீகோஸ் மலையடிவாரத்தில் போய் உட்கார்ந்தார்.

இடைவெளி: 1825 இலையுதிர் காலம்

உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்து காற்று வாங்கினார்கள், மதிலைச் சரிசெய்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்ற எண்ணம் பரவியது. அப்படி நினைத்ததில் தப்பும் சொல்ல முடியாது. மூன்று வருடத்தில் மூன்றாவது முறையாக எதிரி வந்து பின்வாங்கியிருந்தான்.

இங்கேதான் அந்த முடிவு வருகிறது. அதை முடிவு என்று யாரும் கூடி எடுக்கவில்லை, தானாக நடந்தது. முற்றுகையின் தொடக்கத்தில் பல குடும்பங்கள் பக்கத்திலிருந்த கலாமோஸ் தீவுக்குப் போயிருந்தன. அயோனியத் தீவுகளில் ஒன்றான அது பிரிட்டனின் ஆளுகையில் இருந்ததால் பாதுகாப்பானது. ஆபத்து விலகிவிட்டது என்று நம்பி அவர்களில் பலர் இந்த இடைவெளியில் வீட்டுக்குத் திரும்பினார்கள். கணவன் மதிலில், வீடு ஊரில், குளிர்காலம் முன்னால். திரும்பாமல் என்ன செய்வார்கள்? அந்தத் தாய்மார்களை நான் குறை சொல்ல மாட்டேன். குறை, ஊர் நிர்வாகத்திலும் நாஃபிலியோவில் உட்கார்ந்திருந்த அரசாங்கத்திலும் இருக்கிறது. எகிப்தியப் படை வடக்கே வரப் போகிறது என்று தெரிந்த பிறகும் கடல் வழி திறந்தேதான் இருந்தது. அந்த வழியில் வாய்கள் உள்ளே வந்தன. வந்த அளவுக்குத் தானியம் வரவில்லை.

கடற்படை ஏன் தங்கவில்லை என்ற கேள்வி இங்கே வரும். ஹீத்ரா, ஸ்பெத்சை தீவுகளின் கப்பல்கள் தனியாருடையவை. மாலுமிகள் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள். அவர்களுக்கும் குடும்பம் உண்டு. அரசாங்கம் கொடுத்த முன்பணம் தீர்ந்ததும் ஊர் திரும்பினார்கள். இது கோழைத்தனம் இல்லை, ஏற்பாட்டின் குறை. காவலுக்கு நிற்காத கடற்படையை நம்பித்தான் மிசோலோங்கி உயிரோடு இருந்தது.

இரண்டாம் கட்டம்: இப்ராகிம் வருகிறார்

வருடக் கடைசியில் இப்ராகிம் பத்தாயிரம் பேரோடும் கனமான பீரங்கிகளோடும் வந்து சேர்ந்தார். மதிலைப் பார்த்துவிட்டு, இந்த வேலிக்கா இத்தனை மாதம் என்று ரெஷித்தைக் கேட்டதாகச் சொல்கிறார்கள். ரெஷித்தின் படையை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டுத் தானே முடிப்பதாக வேலையில் இறங்கினார்.

1826 ஜனவரியில் மியாவுலிஸ் மறுபடியும் வந்து சுமார் இரண்டு மாதத்துக்கான உணவை இறக்கிவிட்டுப் போனார். அதுதான் கடைசி.

பிப்ரவரி 24 முதல் மூன்று நாளில் 8,500-க்கு மேற்பட்ட குண்டுகள் ஊருக்குள் விழுந்தன. வீடுகள் பெரும்பாலும் தரைமட்டமாயின. ஆனாலும் அதைத் தொடர்ந்து வந்த நேரடித் தாக்குதல்கள் மதிலில் தோற்றன. சுவிட்சர்லாந்துக்காரரான யோஹான் யாக்கோப் மேயர் 1824-இன் தொடக்கத்திலிருந்து இந்த ஊரில் ஒரு செய்தித்தாள் நடத்திவந்தார். முற்றுகைக்குள்ளும் நிற்காமல் வந்த அந்தத் தாள், மார்ச் தொடக்கத்தில் அச்சகத்தின்மேல் குண்டு விழுந்ததோடு நின்றது.

வேலி என்று நினைத்ததில் அடிபட்ட பிறகு இப்ராகிம் சரியான இடத்தைப் பார்த்தார். தட்டைப் படகுகளில் பீரங்கி ஏற்றிக் காயலுக்குள் அனுப்பினார். மார்ச் 9 அன்று வாசிலாதி விழுந்தது. அங்கிருந்த வெடிமருந்து தீப்பிடித்ததும் காவலர்களால் நிற்க முடியவில்லை. 12-இல் தோல்மாஸ். 13-இல் பக்கத்துத் தீவு ஊரான அனதோலிகோ நிபந்தனையோடு சரணடைந்தது. அந்த மக்கள் ஆர்த்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள்.

எஞ்சியது கிளிசோவா. ஏப்ரல் 6 அன்று அங்கே நூற்றுச் சொச்சம் பேரும், படகில் போய்ச் சேர்ந்த சூலித் தலைவர் கீத்சோஸ் ஜவேலாஸின் ஆட்கள் சிலரும் நாள் முழுக்க ரெஷித்தின் படையையும் அப்புறம் எகிப்தியர்களையும் தடுத்தார்கள். படகு தரை தட்டியதும் தாக்க வந்தவர்கள் சேற்றில் இறங்கி நடக்க வேண்டியிருந்தது. அப்படி நடந்தவர்கள் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். ரெஷித்துக்கே காலில் காயம். எகிப்தியத் தளபதி ஹுசைன் பே இறந்தார். மிசோலோங்கி கண்ட கடைசி வெற்றி இது. ஆனால் வாசிலாதி போன பிறகு கிளிசோவாவை வைத்திருந்து உணவு கொண்டுவர முடியாது.

பசி

மார்ச் கடைசிக்குள் கையிருப்பு முடிந்தது. குதிரை, கோவேறுகழுதை, கழுதை எல்லாம் தீர்ந்தன. அப்புறம் நாய், பூனை, எலி. காயல் ஓரத்தில் நண்டு பொறுக்கினார்கள். கடற்பாசியின் கசப்புப் போக மறுபடி மறுபடி வேகவைத்துத் தின்றார்கள். வாய்ப்புண்ணும் மூட்டுவலியுமாக ஸ்கர்வி நோய் பரவியது. காயம்பட்டவர்களுக்கு மருந்தில்லை. மண்சுவர் எழுப்பிய கைகளால் இப்போது துப்பாக்கியைத் தூக்குவதே கடினமாயிருந்தது.

ஏப்ரல் நடுவில் மியாவுலிஸின் கப்பல்கள் தொலைவில் தெரிந்தன. ஊரே கரையில் நின்று பார்த்தது. உஸ்மானியக் கடற்படை பல மடங்கு பெரிதாக இருந்தது, கால்வாய்களின் வாய் எதிரி கையில் இருந்தது. படகுகளால் உள்ளே வர முடியவில்லை. அந்தக் கப்பல்கள் திரும்பிப்போனதைப் பார்த்தவர்களை நினைத்தால் மேலே எழுதக் கை வரவில்லை.

தீர்மானம்

தளபதிகளும் ஊர்ப் பெரியவர்களும் கூடினார்கள். முன்னால் இருந்தவை மூன்று வழி. சரணடைவது, உள்ளேயே சாவது, உடைத்துக்கொண்டு வெளியேறுவது.

சரணடைய ஏன் மறுத்தார்கள்? அனதோலிகோ மக்கள் உயிரோடு போனதை அவர்கள் பார்த்திருந்தார்கள். ஆனால் ஆயுதத்தைக் கீழே வைக்கச் சொன்ன நிபந்தனையை ஏற்க மலைவீரர்கள் தயாராக இல்லை. அதோடு 1822-இல் கியோஸ் தீவில் உஸ்மானியப் படை நடத்திய படுகொலை எல்லோர் நினைவிலும் இருந்தது. இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1821-இல் பெலொப்பொனீசின் திரிப்போலித்சா நகரம் கிரேக்கர்கள் கையில் விழுந்தபோது, பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும்போதே ஆயிரக்கணக்கான முஸ்லிம்களும் யூதர்களும் கொல்லப்பட்டார்கள். அந்தப் போரில் ஒப்பந்தத்தை நம்பிய பலருக்கு நல்லது நடக்கவில்லை.

வெளியேறுவது என்று தீர்மானமானது. அதற்குமுன் ஒரு கொடிய யோசனை வந்தது: பெண்களும் குழந்தைகளும் அடிமைகளாகப் போகாமல் இருக்க அவர்களை முதலிலேயே கொன்றுவிடலாமா என்று. ரோகோயின் ஆயர் யோசேப் அதைத் தடுத்து நிறுத்தினார். எனக்கு இந்த முற்றுகையிலேயே பெரிய செயல் இதுதான். ஆனால் கையிலிருந்த கைதிகள் விஷயத்தில் அந்த இரக்கம் இருக்கவில்லை. அவர்கள் கொல்லப்பட்டார்கள்.

ஆயர் எழுதவைத்த தீர்மானத்தின்படி, குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய நாளான லாசரு சனிக்கிழமை இரவு, அதாவது ஏப்ரல் 22, இருட்டி இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு அகழிமேல் மரப்பாலங்கள் போடப்படும். நோதிஸ் போத்சாரிஸ், ஜவேலாஸ், திமித்ரியோஸ் மாக்ரிஸ் தலைமையில் மூன்று பிரிவு. குடும்பங்கள் மாக்ரிஸோடு. மலையிலிருந்து கராய்ஸ்காகிஸின் ஆட்கள் எதிரியின் பின்புறம் தாக்க வேண்டும். எல்லோரும் சேரும் இடம் புனித சிமியோன் மடம். நடக்க முடியாதவர்கள் ஊரிலேயே இருப்பார்கள். அவர்களுக்கு வெடிமருந்து விட்டுவைக்கப்படும்.

அந்த இரவு

பெண்கள் பலர் ஆண் உடை போட்டுக்கொண்டு ஆயுதம் எடுத்தார்கள். கைக்குழந்தைகள் அழாமல் இருக்க அபினிக் கரைசல் கொடுத்தார்கள். ஊரில் அப்போது சுமார் 9,000 பேர். அதில் ஆயுதம் ஏந்தியவர்கள் 3,500 பேர்.

திட்டம் முன்பே எதிரியின் காதுக்குப் போயிருந்தது. பாலங்களைக் கடந்தவர்கள் தரையோடு படுத்து, மலையிலிருந்து துப்பாக்கிச் சத்தம் வரும் என்று காத்திருந்தார்கள். கராய்ஸ்காகிஸ் நோயில் படுத்திருந்தார். எதிர்பார்த்த பெரிய தாக்குதல் வரவில்லை. மேகம் விலகி நிலா வெளியே வந்தது. குண்டுகள் பாய ஆரம்பித்ததும் எழுந்து ஓடினார்கள்.

பாலத்தருகே யாரோ, “பின்னால், பின்னால்” என்று கத்தினார்கள். யார், ஏன் என்பது இன்றுவரை தெளிவில்லை. பின்னே வந்துகொண்டிருந்த குடும்பங்கள் அதைக் கட்டளை என்று நினைத்து ஊருக்குள் திரும்பின. அதே நேரத்தில் எதிரிகள் மதில் ஏறி உள்ளே இறங்கிக்கொண்டிருந்தார்கள். முன்னே ஓடியவர்கள் குதிரைப்படையைக் கிழித்துக்கொண்டு சீகோஸ் அடிவாரம்வரை போனார்கள். அங்கே அல்பேனிய வீரர்கள் பதுங்கியிருந்தார்கள். அதிலும் தப்பியவர்களில் சிலர் மலையில் பசியால் விழுந்தார்கள்.

ஊரில் கிறிஸ்டோஸ் கப்சாலிஸ் என்ற முதியவர் வயதானவர்களையும் நோயாளிகளையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு, எதிரிகள் நிறையும்வரை காத்திருந்து வெடிமருந்துக்குத் தீ வைத்தார். காற்றாலைக் கட்டடத்தில் இருந்தவர்கள் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்து அதையே செய்தார்கள். ஆயர் யோசேப்பின் முடிவு அங்கேதான். மேயரும் அந்த இரவில் இறந்தார்.

விளைவு

தப்பியவர்கள் 1,300-லிருந்து 1,800 வரை என்று கணக்குகள் மாறுகின்றன. அதில் பெண்கள் மிகச் சிலர். மூவாயிரம், நாலாயிரம் பெண்களும் குழந்தைகளும் அடிமைச் சந்தைக்குப் போனார்கள். கலாமோஸிலிருந்து திரும்பியவர்களில் எத்தனை பேர் அதில் இருந்திருப்பார்கள்!

செய்தி ஐரோப்பாவை உலுக்கியது. பாரிஸில் நிதி திரண்டது, பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவா மிசோலோங்கியின் இடிபாட்டில் நிற்கும் கிரேக்கத்தை ஒரு பெண்ணாக வரைந்தார். 1827 ஜூலையில் பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா லண்டனில் ஒப்பந்தம் செய்தன. அக்டோபர் 20 அன்று நவரீனோ விரிகுடாவில் அவர்களின் கப்பல்கள் உஸ்மானிய-எகிப்தியக் கடற்படையை அழித்தன. மிசோலோங்கியின் சாவுதான் விடுதலையைத் தந்தது என்று சொல்வது வழக்கம். அந்த அனுதாப அலைக்கு அதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. வல்லரசுகளுக்குத் தங்கள் கணக்குகளும் இருந்தன. அடிமையாக விற்கப்பட்ட ஒரு குழந்தையின் இடத்தில் நின்று பார்த்தால் அந்தச் சமாதானம் எனக்குப் போதவில்லை.

எது மாறியிருக்க வேண்டும்

முதலாவது, இலையுதிர் கால இடைவெளியில் போக்குவரத்தின் திசை. சண்டை போடாதவர்கள் ஊருக்குள் வரக் கூடாது, உள்ளே இருந்தவர்களும் கலாமோஸுக்குப் போயிருக்க வேண்டும். அப்படி நடந்திருந்தால் ஜனவரியில் வந்த உணவு ஏப்ரலைத் தாண்டி நின்றிருக்கும். உடைத்துக்கொண்டு போகும் நாள் வந்தாலும் ஓடத் தெம்புள்ளவர்கள் மட்டுமே ஓடியிருப்பார்கள்.

வாசிலாதி அடுத்தது. கோக்கினிஸின் உழைப்பு முழுவதும் நிலப்பக்க மதிலில் போயிற்று. அவரைக் குறைசொல்லி என்ன, எல்லோர் கண்ணும் அந்தப் பக்கம்தான் இருந்தது. கால்வாயின் வாயில் இருந்த தீவுகளுக்கு அதில் கால்பங்கு கவனம் கிடைத்திருந்தாலே இப்ராகிமின் படகுகள் கிளிசோவாவில் பட்ட பாட்டை அங்கேயும் பட்டிருக்கும்.

வெளியேறுவது என்ற முடிவும் தாமதம். அனதோலிகோ விழுந்த மார்ச் நடுவிலேயே உணவு இனி வராது என்பது தெளிவு. அன்றைக்குக் கால்களில் இன்னும் கொஞ்சம் பலம் இருந்தது. கப்பல் வரும் என்ற நம்பிக்கை ஐந்து வாரத்தைத் தின்றது. அந்த நம்பிக்கையை விட்டுவிடச் சொல்ல உள்ளே யாருக்கும் மனம் வந்திருக்காது. நானும் சொல்லியிருப்பேனா தெரியவில்லை.

கடற்படைச் சம்பள விஷயம் ஊரின் கையில் இல்லை, அரசாங்கத்தின் கையில் இருந்தது. லண்டன் கடனில் 1825-இல் ஒரு நீராவிப் போர்க்கப்பலுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். கார்த்தேரியா என்று பெயர். காற்றையும் துடுப்பையும் நம்பாமல் ஓடக்கூடியது. கட்டுவதில் தாமதமாகி, அது கிரேக்கத்துக்கு வந்து சேர்ந்தது 1826 செப்டம்பரில், ஊர் விழுந்து ஐந்து மாதம் கழித்து. 1827 டிசம்பர் கடைசியில் அதன் தளபதி பிராங்க் ஆப்னி ஹேஸ்டிங்ஸ் அந்தக் கப்பலை வாசிலாதிக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தினார். தீவிலிருந்து வெகு தொலைவில், ஆழமுள்ள தண்ணீரிலிருந்தே சுட்டார். ஒரு குண்டு தீவின் வெடிமருந்துக் கிடங்கில் விழுந்தது. அன்றே வாசிலாதி கிரேக்கர் கைக்கு வந்தது. மிசோலோங்கியில் இருந்த உஸ்மானியப் படை 1829 மே மாதம் ஊரை ஒப்படைத்துவிட்டு வெளியேறியது.